வட்டமாக உட்கார்ந்த எட்டுப் பேர்

எனக்கு இடது வலது தெரியாது என்பது எனக்கே இருபத்தொன்பதாவது வயதில்தான் தெரிந்தது. அதுவரைக்கும் அது இல்லாமலே பிழைப்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் இடது பக்கம் திரும்பச் சொல்வதில்லை. கல்யாணப் பந்தியில் இலைக்கு இடம் பத்தவில்லை என்றால் "கொஞ்சம் மேக்கால நகந்து உக்காருங்க" என்போம். சட்டைப் பித்தான் தெற்கே தொங்கும், ஃபேன் சுவிட்சு கிழக்கே இருந்து இரண்டாவது. என் வீட்டுக்காரர் ஒரு முறை பல் டாக்டரிடம் போய் கிழக்குப் பக்கத்துப் பல் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். டாக்டரும் இந்தப் பக்கத்துக்காரர். நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, சரியான பல்லையே தட்டிப் பார்த்தாராம்.

என் வேலையும் இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. குடவாசலில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருடமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். நிலம் விற்பனை, தானம், பாகப்பிரிவினை என்று எந்தப் பத்திரமாக இருந்தாலும் கடைசியில் சக்குபந்தி வந்தாக வேண்டும். அதாவது நிலத்தின் நாலு எல்லை. இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, பாசன வாய்க்காலுக்கு மேற்கு, களத்துக்கு வடக்கு, வண்டிப் பாதைக்குத் தெற்கு, இதற்குள் அடங்கிய நஞ்சை இவ்வளவு. இதில் ஒரு திசை மாறிப்போனால் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவார்கள். ஒன்பது வருடத்தில் நான் ஒரு திசைகூட மாற்றி அடித்ததில்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருக்கட்டும்.

பி.காம். முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஊரார் சொத்தையெல்லாம் தட்டச்சு செய்து செய்து, என் பெயரில் ஏதாவது ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது. நிலம் கேட்கவில்லை. திருவாரூர் பக்கத்தில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்டேன். காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம், அதனால் எனக்கு வாய்த்த ஒரே இடம் அதுதான். ஆனால் அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கல்லூரி விட்டு வந்த பிள்ளைகள் வருடம் முழுக்கக் கோச்சிங் போய் எழுதுகிற தேர்வு.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், டிராக்டர் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், அப்போது எல்.கே.ஜி. படித்த மகள், என் மாமியார். மாமியாருக்கு ஐம்பத்து மூன்று வயது. எங்கள் ஊரில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த நடவுக் கோஷ்டிக்கு அவர்தான் தலைவி. குறுவைக்கும் சம்பாவுக்கும் நிலக்காரர்கள் அவருக்குத்தான் ஃபோன் செய்வார்கள். அவர் வரமாட்டேன் என்று சொன்ன வயலில் வேறு ஆள் இறங்கத் தயங்கும். வயலில் எப்படியோ வீட்டிலும் அப்படியே. நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னபோது அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஒரு தடவ எழுது. கெடச்சா புள்ளைய நான் பாத்துக்குறேன். கெடைக்கலன்னா இந்தப் பேச்ச மறுபடி எடுக்கக் கூடாது."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. சரி என்று சொன்னதே பெரிய காரியம். ஒரே ஒரு தடவை. அதற்கு எனக்கு ஏழு மாதம் இருந்தது.

கும்பகோணத்தில் பழைய புத்தகக் கடையில் தடிமனாக ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். ஒவ்வொரு பாடத்திலும் கேள்விகளை லெவல் ஒன்று, லெவல் இரண்டு, லெவல் மூன்று என்று பிரித்திருந்தார்கள். அலுவலகத்தில் மதியம் ஒரு மணி முதல் இரண்டரை வரைக்கும் கூட்டம் இருக்காது. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் புத்தகத்தைத் திறந்துவிடுவேன். லெவல் ஒன்றை இரண்டு மாதத்தில் முடித்தேன். பென்சிலில் போட்ட விடைகளை அழித்துவிட்டு மறுபடியும் ஒரு சுற்று போட்டேன். கணக்கில் தடுமாறினேன், ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி எழுந்தேன். ஆனால் திசைக் கேள்விகளிலும், வரிசையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்விகளிலும் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஒருவன் வடக்கே ஐந்து கிலோமீட்டர் நடந்து, இடப்புறம் திரும்பி மூன்று கிலோமீட்டர் போய், மறுபடி இடப்புறம் திரும்பினால் இப்போது எந்தத் திசையில் போகிறான்? புத்தகத்தில் இதற்கெல்லாம் அம்புக்குறி போட்டு அரைப் பக்கம் விளக்கம். எனக்கு அம்பும் வேண்டாம் வில்லும் வேண்டாம். வடக்கே போகிறவன் இடப்புறம் திரும்பினால் மேற்கு, மேற்கே போகிறவன் இடப்புறம் திரும்பினால் தெற்கு என்று முதல் வாரமே மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன். ஆள் நடக்க நடக்க நானும் கூடவே நடந்துவிடுவேன். ஏழு பேர் வரிசையாக வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அது எனக்கு ஏழு மனை. யாருக்குக் கிழக்கே யார் என்று சக்குபந்தி போட்டு முடித்துவிடுவேன். லெவல் இரண்டையும் அப்படியே கடந்தேன். பாடத்தின் முடிவில் இருக்கும் மாதிரித் தேர்வில் அந்தப் பகுதிக்கு மட்டும் முழு மதிப்பெண். எனக்குத் தலை கால் புரியவில்லை. ராத்திரிச் சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவரும் பாவம், ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பவர் போலக் கேட்டார்.

அப்புறம் லெவல் மூன்றுக்கு ஏறினேன்.

எட்டுப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி, நடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னாருக்கு இடப்புறம் இரண்டாவதாக இன்னார். இன்னாருக்கு வலப்புறம் மூன்றாவதாக இன்னார். இப்படி ஏழெட்டு வரி கொடுத்துவிட்டு, அதன் கீழ் ஐந்து கேள்வி. வழக்கம்போல சக்குபந்தி போட்டேன். ஐந்தும் தப்பு. மறுபடி போட்டேன். இந்த முறை இரண்டு சரி, மூன்று தப்பு. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. முழுக்கத் தப்பாக இருந்தால் எனக்குத் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். பாதி சரியாக வந்தால் எங்கே கோளாறு என்று எப்படித் தேடுவது? அடுத்த வட்டம், அதற்கு அடுத்த வட்டம், எல்லாவற்றிலும் இதே கதை.

மூன்று வாரம் இந்த வட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். மற்றப் பாடங்களுக்கான நேரமும் இதிலேயே கரைந்தது. ஞாயிற்றுக்கிழமை செல்ஃபோனில் எழுதுகிற மாதிரித் தேர்வில் என் மதிப்பெண் போன மாதத்தைவிடக் குறைந்தது, அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தது. ஏறுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன்.

மாமியார் ஒரு நாள் காய் நறுக்க உட்கார்ந்தவர் என் தாளை எட்டிப் பார்த்தார். பக்கம் முழுக்க வட்டம் வட்டமாக இருப்பதைப் பார்த்து என்ன இது என்று கேட்டார். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்குப் பக்கத்தில் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். எட்டுப் பேருக்கும் வேலை வெட்டி கிடையாதா, மூன்று வாரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்களே என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். லெவல் மூன்றை அப்படியே விட்டுவிடு, ஒன்றும் இரண்டும்தான் தண்ணீர் பட்ட பாடாக இருக்கிறதே, அதிலேயே எடுக்கிற மதிப்பெண் போதாதா என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வதென்றால் எனக்குத் தட்டச்சு நாற்காலி போதுமே, பல்கலைக்கழகம் எதற்கு என்று கத்தினேன். கத்திவிட்டுப் புத்தகத்தை நெல் மூட்டைக்கு மேலே வீசி எறிந்தேன். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. உண்மையைச் சொன்னால், அவர் சொன்னதுதான் சரியோ என்ற பயத்தில்தான் அவ்வளவு கத்தினேன்.

மூன்றாம் நாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். அங்கே என்னோடு தட்டச்சு செய்கிற அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். கணவரோடு ஏழு வருடம் துபாயில் குடும்பம் நடத்திவிட்டு, பிள்ளைகள் படிப்புக்காக ஊர் திரும்பியவர். வந்த புதிதில் பத்திரத்தில் கிழக்கு மேற்கு அடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அங்கே டாக்சிக்காரனிடம் மேற்கே திரும்பு என்றால் முழிப்பானாம். எல்லாம் லெஃப்ட், ரைட்தானாம். அந்த ஏழு வருடத்தில் திசையே மறந்துபோய்விட்டது என்பார். ஒவ்வொரு சக்குபந்திக்கும் என்னைக் கேட்டுத்தான் அடிப்பார். நானும் பெரிய மனது பண்ணிச் சொல்லிக் கொடுப்பேன்.

அன்று மதியம் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். தாளை அவர் முன்னால் தள்ளினேன். அவர் பிரியாணி டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு என் வட்டத்தை உற்றுப் பார்த்தார். வட்டத்தின் வடக்கே உட்கார்ந்திருந்த ஆளின் மேல் விரலை வைத்து, இவருக்கு இடப்புறம் யார் என்று கேட்டார். மேற்கே இருந்தவரைக் காட்டினேன். தெற்கே இருந்தவர் மேல் விரலை வைத்து, இவருக்கு இடப்புறம் யார் என்று கேட்டார். அதற்கும் மேற்கே இருந்தவரையே காட்டினேன்.

அக்கா என்னையே பார்த்தார். "நீங்க எல்லாரையும் வடக்கப் பாத்தே உக்கார வச்சிருக்கீங்க."

எனக்குப் புரியவில்லை. தாளில் வடக்கு மேலே, மேற்கு இந்த ஓரம், பத்திரத்தில் வரைகிற மனைப் படமும் அப்படித்தானே என்றேன். அவர் நாற்காலியை இழுத்து மேசைக்கு அந்தப் பக்கம் எனக்கு எதிராகப் போட்டு உட்கார்ந்தார். நான் வடக்கே பார்த்திருந்தேன், அவர் தெற்கே பார்த்திருந்தார்.

"உங்க சோத்துக்கைய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். அது கிழக்கே போனது. அவர் தன் சோற்றுக்கையை நீட்டினார். அது மேற்கே போனது. "நிலத்துக்குக் கை கெடையாதுங்க. ஆளுக்கு உண்டு. அவங்கவங்க சோத்துக்கை அவங்கவங்களுக்கு."

ஒன்பது வருடமாகக் கையில்லாத நிலங்களையே உட்கார வைத்துப் பழகியவள், கையும் காலும் உள்ள எட்டு மனிதர்களையும் நிலம் மாதிரியே வைத்திருக்கிறேன். லெவல் ஒன்றிலும் இரண்டிலும் வரிசைகள் எல்லாம் வடக்கே பார்த்தே உட்கார்ந்திருந்ததால் குட்டு வெளிப்படவில்லை. நடக்கிற ஆள் திரும்புவதை மனப்பாடம் செய்த எனக்கு, உட்கார்ந்த ஆளும் ஒரு பக்கம் பார்த்திருப்பான் என்பது உறைக்கவில்லை. என் முழு மதிப்பெண்ணெல்லாம் அந்த எளிய கேள்விகள் என்மேல் காட்டிய இரக்கம். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, கோளாறு பிடிபட்டுவிட்ட சந்தோஷம் இருந்தது. அக்காவின் டப்பாவிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அங்கேயே ஒரு வட்டம் போட்டேன். ஒவ்வொரு ஆளுக்கும் சோற்றுக்கைக்கு ஒரு சின்னக் கோடு இழுத்தேன். ஐந்தும் சரி.

அதற்குப் பிறகும் ஏறுவது சுலபமாக இல்லை. சில பேர் நடுவைப் பார்த்தும் சில பேர் வெளியே பார்த்தும் உட்காருகிற வட்டங்கள் அடுத்தபடியாக வந்தன. யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பதையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றைப் போட எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. தேர்வில் அவ்வளவு நேரம் கொடுக்க முடியாது. தினம் இரண்டு வட்டம் என்று கணக்கு வைத்துப் போட்டேன். பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் சோற்றுக்கை எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவேன். டீக்கடையில் வட்டமாக நிற்பவர்களை மனதுக்குள் வெளியே பார்க்கத் திருப்பி நிறுத்துவேன். இருபத்தைந்து பதினெட்டானது, பதினெட்டு பன்னிரண்டானது, தேர்வுக்கு முந்தைய வாரம் எட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண்ணும் விழுந்த இடத்திலிருந்து எழுந்து, பழைய உயரத்தைத் தாண்டியது.

தேர்வு மையம் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். வரிசையில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் என்னைப் பார்த்து, யாரையோ கொண்டுவந்து விட வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெண் என்னிடம், "ஆண்ட்டி, பேரண்ட்ஸ் வெயிட்டிங் அந்தப் பக்கம்" என்றாள். நுழைவுச் சீட்டை எடுத்து அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். கொஞ்சம் அதிகப்படியாகத்தான் காட்டினேன்.

கம்ப்யூட்டர் திரையில் பாதித் தேர்வு கடந்ததும் வட்டம் வந்தது. எட்டுப் பேர், நாலு பேர் உள்ளே பார்க்கிறார்கள், நாலு பேர் வெளியே. கீழே ஐந்து கேள்வி. தாண்டிப் போய்விடலாம் என்று ஒரு மனசு சொன்னது. அடுத்த பகுதியில் எளிய கணக்குகள் காத்திருந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் நெற்றியைத் தேய்த்துவிட்டுத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். நான் தாளில் வட்டம் போட்டேன். மேசைக்கு அடியில் என் சோற்றுக்கை தன்னாலே இப்படியும் அப்படியும் நீண்டது. கண்காணிப்பாளர் அருகில் வந்து என் மடியை எட்டிப் பார்த்தார். கையை விரித்துக் காட்டினேன், வெறும் கை. அவர் போய்விட்டார். எட்டாவது ஆளும் இடத்தில் உட்கார்ந்தபோது எல்லாக் கோடும் ஒன்றோடொன்று பொருந்தியது. ஐந்து கேள்விக்கும் விடை போட்டேன். அதில் போன நேரத்தால் கடைசியில் இரண்டு கணக்குகளைத் தொட முடியாமல் போனது. வெளியே வந்து அதைச் சொன்னபோது வீட்டுக்காரர் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார்.

முதல் பட்டியலில் என் எண் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தாயிற்று. அன்று ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, கிழக்கு என்று அடிக்க வேண்டிய இடத்தில் மேற்கு என்று அடித்தேன். பிழை பார்த்த துபாய் அக்கா யாருக்கும் தெரியாமல் திருத்தி வைத்தார். வீட்டில் மாமியார் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததே எனக்குப் பாரமாக இருந்தது. பத்து நாள் அப்படிப் போனது.

இரண்டாவது பட்டியலில் இருந்தேன். கடைசியிலிருந்து மூன்றாவது ஆள். கடைசியிலிருந்து மூன்றாவது என்பதற்காக நான் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. கடைசி ஆளைவிட நான் எட்டு மதிப்பெண் அதிகம். விடைக் குறிப்போடு ஒத்துப் பார்த்தபோது அந்த எட்டுப் பேர் வட்டம் எனக்குக் கொடுத்தது இருபது மதிப்பெண் என்று தெரிந்தது. அதாவது அந்த வட்டத்தைத் தாண்டிப் போயிருந்தால் நான் பட்டியலுக்கு வெளியே நின்றிருப்பேன். லெவல் ஒன்றும் இரண்டும் என்னைக் கல்லூரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டன. உள்ளே அழைத்துப் போனது மூன்றுதான். இதை நான் என் வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவர் தலையாட்டினார்.

மாமியார் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த சேலையை உதறிக் கொடியில் போட்டு, நுனியை இழுத்துச் சரி செய்தார். காலையில் எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டார். ஏழு இருபது என்றேன். பிள்ளையின் வேன் எட்டரைக்குத்தானே என்றார். ஆமாம் என்றேன். சாயந்தரம் வேன் மூன்றேமுக்காலுக்கு வரும், நீ வர ஆறாகும், இல்லையா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

குறுவை நடவு தொடங்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. நாற்றங்கால் எல்லாம் பச்சை கட்டி நின்றது. நிலக்காரர்கள் ஏற்கெனவே அவருக்கு ஃபோன் செய்து நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொல்லையிலேயே நின்றிருந்தேன். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. கோஷ்டியில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தக் குறுவைக்கு நான் வரல. சம்பாவுக்கும் வரல. எல்லாத்தையும் நீயே எடுத்து நடத்து, நெலக்காரவங்ககிட்ட நான் சொல்லிடுறேன்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். எங்க மருமக படிக்கப் போறா."

பட்டியலில் என் எண்ணைப் பார்த்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.